கடலிலிருந்து எண்பது மீட்டர்

"இந்த ஊர்ல இன்னா மாதிரி ஆளுங்க இருக்காங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா."

எத்திராஜ் ஒரு துண்டுக் காகிதத்தை மருமகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, சிந்துவின் கையில் பாதி இட்லி இருந்தது. காகிதத்தில் நீல மையில் இரண்டே வரி. தர்ஷினி. சொந்த ஊர் மணற்பாக்கம், கடல் பக்கம். கடல் பக்கம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

தர்ஷினி அவருடைய இரண்டாவது மகன் பரத் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் அவனோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிறாள். போன வாரம் கூடத்தில் நின்றுகொண்டு, "நம்மாளுங்கதாம்ப்பா" என்று பரத் சொல்லியிருந்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே கூடத்தில் நின்று அவன் அண்ணன் ஹரிஷ்குமார் சிந்துவைப் பற்றிச் சொன்னதும் இதே வார்த்தைதான். அப்போது எத்திராஜுக்கு வேலை இருந்தது, ஓவர்டைம் இருந்தது, தோண்டித் துருவ நேரமில்லை. இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். நேரம் நிறையவே இருக்கிறது.

எத்திராஜைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. செய்யாறு பக்கத்திலிருந்து இருபது வயதில் பெங்களூர் வந்து, முப்பத்தாறு வருஷம் லேத்து மிஷின் முன்னால் நின்று, சந்தாபுரத்தில் மாடி வீடு கட்டியவர். தொழிற்சாலை கேன்டீனில் யார் பக்கத்திலும் உட்கார்ந்து சாப்பிட்டவர். "நான் ஜாதி பாக்கற ஆளே இல்ல" என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். உண்மைதான், அவர் பார்ப்பதில்லை. விசாரிப்பார், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு எடுத்தால் ஆரணியில் ஒரு சித்தப்பா மகன், வந்தவாசியில் ஒரு மச்சான் என்று போன் போட்டு, எந்தத் தெரு, எந்தக் கோயில், யார் வீட்டில் பெண் எடுத்தார்கள் என்று மூன்று தலைமுறைக்குக் கேட்டுவிடுவார். கடல் பக்கம் மட்டும் அவருக்கு ஒரு ஆள் கிடையாது. அதனால்தான் மருமகளிடம் வந்தார்.

சிந்துவுக்கு வரைபடம் போடுகிற கம்பெனியில் வேலை. வானத்திலிருந்து எடுத்த படத்தையும் சென்சஸ் கணக்கையும் ஒன்றாக வைத்து, எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை பேர் என்று பொருத்த வேண்டும். "எங்க மருமக உக்காந்த எடத்துல இருந்தே ஊர அளந்துருவா" என்று எத்திராஜ் அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக்கொள்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் சிந்து ஏதோ வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய்விடுவாள். ஏனென்றால் அவள் 'நம்மாள்' இல்லை.

அவள் ஊர் ஆலந்தாங்கல் என்று ஆதார் கார்டில் இருக்கிறது. நெல் விளைகிற ஊர், பெரிய ஊர். ஆனால் அவள் பிறந்து வளர்ந்தது ஆலந்தாங்கலுக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி, கடலைப் பார்த்தபடி இருக்கிற கன்னிமார்குப்பத்தில். அவள் அப்பா தேசப்பன் மீன் பிடிக்கிறவர். அரசாங்கத் தாள் எதிலும் குப்பத்துக்குத் தனிப் பெயர் கிடையாது, எல்லாம் ஆலந்தாங்கல்தான். ஹரிஷ்குமார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஊர்ப் பெயரைச் சொல், குப்பத்துப் பெயரை மட்டும் சொல்லாதே, அது பொய் ஆகாதே என்றான். ஆறு மாசம் போகட்டும், நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றான். அந்த ஆறு மாசம் இன்னும் முடியவில்லை.

கல்யாணத்துக்கு வந்த தேசப்பன் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், கையில் வலைக்கயிறு அறுத்த தழும்பு தெரியக்கூடாதென்று. சம்பந்தியம்மா சொர்ணம் அவரிடம் இந்த வருஷம் நெல் எப்படி என்று கேட்டாள். எந்த மாசம் நாற்று விடுவார்கள் என்றுகூடத் தெரியாத மனுஷன், சிரித்து மழுப்பிவிட்டுப் போய் வாசலில் நின்றுகொண்டார். அதிகம் பேசாத மனுஷர், நல்ல குடும்பம் என்று சொர்ணம் சர்டிபிகேட் கொடுத்தாள். அதற்குப் பிறகு தேசப்பன் மகள் வீட்டுக்கு வரவே இல்லை. மகள் கூப்பிடவும் இல்லை. அவரோடு பேச வேண்டுமென்றால் சிந்து மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். அப்பாவோடு பேசும்போது தன் வாயில் குப்பத்துப் பேச்சு வந்துவிடும் என்று பயம்.

ஒரு தடவை எத்திராஜ் சிவாஜிநகரிலிருந்து வஞ்சிரமும் சங்கராவும் வாங்கி வந்தார். சிந்து கால் மணி நேரத்தில் அத்தனையையும் ஆய்ந்து, கழுவி, துண்டு போட்டு வைத்துவிட்டாள். "அடேயப்பா, எங்க கத்துகினே இத்த?" என்று சொர்ணம் மெச்சினாள். மெச்சியதுதான், கேலி ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து சிந்து மீனை வேண்டுமென்றே மெதுவாக ஆய்ந்தாள். செதிலை அரைகுறையாக விட்டு வைத்து, மாமியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டாள். தனக்குத் தெரிந்த ஒரே கைவேலையைத் தெரியாத மாதிரி செய்வது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

இப்போது இட்லித் தட்டை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறக்க வேண்டியதாயிற்று. மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

சென்சஸ் பட்டியலில் மணற்பாக்கம் ஒரே வரியாக இருந்தது. இத்தனை வீடு, இத்தனை ஆண், இத்தனை பெண், பட்டியல் சாதி இத்தனை பேர், விவசாயம் செய்கிறவர் இத்தனை பேர், மற்ற வேலை செய்கிறவர் இத்தனை பேர். எத்திராஜ் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். பட்டியல் சாதிக் கட்டத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நகர்ந்தது. நம்மாளுங்க எத்தனை வீடு என்று போடவில்லையா என்று கேட்டார். அப்படி ஒரு கட்டம் கிடையாது என்றாள் சிந்து. இவ்வளவு செலவு பண்ணிக் கணக்கு எடுக்கிறார்கள், முக்கியமானதை விட்டுவிட்டார்களே என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு படத்தைக் காட்டச் சொன்னார்.

படத்தில் மேற்கே பச்சை வயல், நடுவில் ஊர், கிழக்கே ஒரு நீளமான வெள்ளை மணல். மணலுக்கும் ஊருக்கும் நடுவில் கூரைகள் நெருக்கி நெருக்கி இருந்தன. மணலில் வரிசையாகச் சின்னச் சின்னதாக வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"அது இன்னா, அரிசி கொட்டினாப்ல?"

ஃபைபர் போட்டு. கரையில் இழுத்துப் போட்டிருக்கிற மீன்பிடிப் படகு. படத்தில் அதைப் பார்த்தால் எது யாருடைய போட்டு என்றுகூடச் சிந்துவால் ஊகிக்க முடியும். இந்த ஊர் இல்லை, அவள் ஊராக இருந்தால்.

"கல்லு மாமா. அலை தடுக்கறதுக்குப் போடுவாங்க."

அது பொய்தான். ஆனால் தர்ஷினி தப்பிக்கட்டும் என்றுதான் சொன்னாள். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர்களும் தன்னைப் போலவே பெரிய ஊரின் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் படத்தைப் பார்த்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஊர் ஒரே வரியாக இருக்கிற வரைக்கும் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எத்திராஜ் விடவில்லை. ஊர் இருக்கட்டும், பெண் வீடு இதில் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார்.

"லொகேஷன் அனுப்பச் சொன்னா புள்ளி விழும் மாமா" என்றாள் சிந்து.

ஆபீசில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் இப்படிக் கேள்வி கேட்பார்கள், பத்துப் பேருக்கும் பதில் சொல்வாள். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. எத்திராஜ் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

தர்ஷினியின் அப்பாவிடம் தேன் ஒழுகப் பேசினார். நாங்களே ஒரு நாள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறோம், கொஞ்சம் லொகேஷன் அனுப்புங்கள் என்றார். மாப்பிள்ளை வீட்டார் வருகிறேன் என்றால் எந்தத் தகப்பன் மறுப்பான்? ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. சிந்துவின் கையாலேயே அதைப் படத்தில் வைக்கச் சொன்னார். புள்ளி, நெருக்கி நெருக்கி இருந்த கூரைகளின் கடைசி வரிசையில் போய் விழுந்தது. தூரத்தை அளக்கச் சொன்னார். அளந்தாள். கடலிலிருந்து எண்பது மீட்டர்.

"எண்பது மீட்டர்ல எவன் நெல்லு போடறான்?" என்று எத்திராஜ் லேப்டாப்பை மூடினார். கோபமே இல்லை. ஒரு வேலை நல்லபடியாக முடிந்த நிம்மதிதான் இருந்தது. சமையலறையைப் பார்த்து, "சொர்ணம், அது வேணாம், மீன்காரங்க" என்றார்.

ஹரிஷ்குமார் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. இப்போதாவது அப்பாவிடம் உண்மையைச் சொல்லக்கூடாதா என்று அன்றைக்கு மாடியில் சிந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டாள். இந்த நேரத்திலா சொல்வது, அப்பா உடம்பைப் பார், பரத் விஷயம் அடங்கட்டும், கொஞ்ச நாள் போகட்டும் என்றான். அவனுக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். பரத் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான், மூன்றாம் நாள் சாப்பிட்டான்.

ஆபீசிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. புயல் வந்தால் ஜனங்கள் ஒதுங்குவதற்குக் கட்டிடம் எங்கெங்கே வேண்டும் என்று கடலோரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலை ஓடிக்கொண்டிருந்தது. கன்னிமார்குப்பத்தில் எத்தனை வீடு என்று மூன்று வாரமாக ஒரு எண் தேடிக்கொண்டிருந்தாள், கிடைக்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள். குப்பத்துப் பஞ்சாயத்தில் பணம் வசூலிப்பதற்குத் தலைக்கட்டுக் கணக்கு, அதாவது குடும்பக் கணக்கு உண்டு. "நூத்தி எம்பத்தாறு தலக்கட்டும்மா. போன மாசம்தான் ரெண்டு பையனுங்க கண்ணாலம் கட்டிப் புதுசா சேந்தானுங்க" என்று தேசப்பன் மனப்பாடமாகச் சொன்னார். டீம் லீடர் ஃபிராங்க்ளின் தங்கவயல்காரர், நல்ல மனுஷர்தான். ஆனால் அவரும் கையை விரித்தார். சென்சஸ் பட்டியலில் வரி இல்லாத ஊருக்குக் கட்டிடம் கேட்க முடியாது, பெரிய ஊரோடு சேர்த்துக் காட்டிவிடு என்றார். அப்படியென்றால் புயல் நேரத்தில் நூற்றெண்பத்தாறு குடும்பம் மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும். குப்பத்துக்கு ஒரு வரி இல்லாததை நினைத்து அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே சமயம், அந்த வரி இல்லாததால்தான் தன் குடித்தனம் தப்பித்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தது. எதற்கு அழுவது என்றே தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. தான் தர்ஷினி என்றும், பரத்தின் போனில் அவள் படத்தைப் பார்த்திருப்பதாகவும் சொன்னாள்.

"எங்கப்பா அன்னைக்கே ரெண்டு கிலோ இனிப்பு வாங்கி வச்சிட்டாரு அக்கா. வரேன்னு சொன்னாங்கல்ல."

நீங்கதான் படத்தைப் பார்த்துச் சொன்னீங்களாமே, பரத் சொன்னான் என்றாள் தர்ஷினி. அவள் குரலில் சண்டை இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பரத் தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான், கேன்டீனில் எதிரே வந்தால் வேறு வரிசைக்குப் போகிறான் என்று சொன்னாள். பிறகு சிந்துவின் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"நீங்க ஆலந்தாங்கல்தானே? அதுல நெல்லு பக்கமா, அலை பக்கமா?"

சிந்து பஸ் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க அத்தைய கன்னிமார்குப்பத்துலதான் குடுத்திருக்கு. தேசப்பன் மாமா பொண்ணு பெங்களூர்ல கட்டிக்கிட்டுப் போனவ ஊருக்கே வர்றதில்லன்னு சொல்லுவாங்க." பஸ் வந்தது. தர்ஷினி அவள் கையை லேசாகத் தொட்டாள். "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க அக்கா."

சந்தாபுரம் வரைக்கும் சிந்து நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. தான் கெடுத்த பெண்ணே தன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதை அவளால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சனிக்கிழமை பகல் சர்வே எடுக்கிறவர் வந்தார். வீடு வீடாகப் போய் ஜாதி, படிப்பு, வேலை எல்லாம் கேட்டுப் போனில் பதிகிற அரசாங்க சர்வே. வந்தவர் கணேசமூர்த்தி, ஆனேக்கல் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார், கன்னடத்தோடு தமிழும் பேசினார். எத்திராஜ் அவருக்கு ஃபேன் போட்டு நாற்காலி கொடுத்தார். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். போன் நம்பர் கேட்டபோது, "நம்ம மருமக நம்பரே போட்டுக்கோங்க சார், ஓடிபி கீடிபி எல்லாம் அவதான் பாப்பா" என்றார் பெருமையாக.

ஜாதி என்று கேட்டார் வாத்தியார். எத்திராஜ் சொன்னார். உட்பிரிவு கேட்டார், அதையும் சொன்னார். வீட்டில் அஞ்சு பேருக்கும் அதுவேதான், ஒரேயடியாகப் போட்டுவிடுங்கள் என்றார். அப்படி முடியாது, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கேட்கும் என்று வாத்தியார் ஒவ்வொன்றாகப் பதிந்தார். எத்திராஜ். சொர்ணம். ஹரிஷ்குமார். பரத். சிந்து வாத்தியாருக்கு காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"அடுத்து மருமக. அதே ஜாதிதானே?"

"அதேதான், அதேதான்" என்றார் எத்திராஜ்.

"இல்ல சார்" என்றாள் சிந்து. "எனக்கு நானே சொல்றேன்."

அவள் தன் ஜாதியைச் சொன்னாள். நிதானமாகத்தான் சொன்னாள், ஆனால் வீட்டார் நான்கு பேருக்கும் காது அடைத்துவிட்டது. வாத்தியார் போனில் தேடிப் பார்த்துவிட்டு, பட்டியலில் இந்தப் பெயர் அகப்படவில்லை, இதர என்று போட்டுவிடட்டுமா என்று கேட்டார். இதர வேண்டாம், நான் எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன், அடியுங்கள் என்றாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக அடித்தார்.

"குலத்தொழில்?"

"கடல்ல மீன் பிடிக்கறது."

"சிந்து" என்று ஹரிஷ்குமார் எழுந்தான்.

எத்திராஜின் முகத்தில் முதலில் சிரிப்புதான் வந்தது. "சார், அவ சும்னே தமாஷ் பண்றா. நான் சொன்னத எழுதுங்க" என்றார். வாத்தியார் சங்கடமாக அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவரவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொன்னால் இந்த வீடு முடிந்துவிடும் என்றார்.

நம்பர் சிந்துவின் போனில் வந்திருந்தது.

"சிந்து, அந்த போன இப்படிக் குடு" என்றார் எத்திராஜ்.

அவள் கொடுக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஏழு. பூஜ்யம். நாலு. நாலு. ஒண்ணு. ஒம்போது" என்று படித்தாள். வாத்தியார் அடித்து முடித்தார், பதிவாகிவிட்டது என்றார், காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த வீட்டில் அவர் மணி அடிக்கிற சத்தம் கேட்டது.

சொர்ணம் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நாலு வருஷமா என் அடுப்புல..." என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அடுப்பில் நான்கு வருஷமாக அவள் வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டது யார் என்று அவளுக்கே தெரியும். எத்திராஜ் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். யாரை நம்பி என் வீட்டு விஷயத்தை விசாரிக்கச் சொன்னேன் என்று எத்திராஜ் யாரிடமோ கேட்பதுபோல முணுமுணுத்தார்.

சிந்து உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்தாள். அன்றைக்கு வைத்த அதே மேஜையில் வைத்தாள். நாற்காலியை மாமனாருக்காக இழுத்துப் போட்டாள்.

"வாங்க மாமா. மணற்பாக்கத்துக்குப் பாத்த மாதிரி ஆலந்தாங்கலுக்கும் பாத்துருவோம்."

அவர் வரவில்லை. ஆனால் கண் திரைக்கு வந்துவிட்டது. பரத் மட்டும் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றான். மேற்கே பச்சை வயல் வந்தது, பெரிய ஊர் வந்தது, பட்டியலில் பெயரில்லாத கூரைகள் வந்தன, மணல் வந்தது. மணலில் வரிசையாக வெள்ளை வெள்ளையாக இருந்தன. சிந்து அதில் விரலை வைத்தாள்.

"அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன். அங்கயும் இங்கயும் இது கல்லு இல்ல மாமா, போட்டு. தெக்கால இருந்து மூணாவது எங்க அப்பாவோடது." விரல் கொஞ்சம் மேற்கே நகர்ந்து, ஒரு சின்னக் கூரைமேல் நின்றது. "இது நான் பொறந்த வீடு. கடல்ல இருந்து எவ்ளோ தூரம்னு கேப்பீங்க, நானே அளந்துட்டேன். அறுவது மீட்டர். தர்ஷினி வீட்ட விட இருவது மீட்டர் கிட்ட."